பிளாட்டர் வாங்கப் போகிற தம்பிக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கமோ, குமுளி, பூப்பாறை, மறையூர் பக்கமோ ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. சின்ன மிஷினில் ஆரம்பித்து, ஆர்டர் கொஞ்சம் கூடி, "அடுத்து எந்த பிளாட்டர் எடுக்கலாம் அண்ணே?" என்று கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டாய். இப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேர் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அதை மடித்து வை. வேலையிலிருந்து ஆரம்பிப்போம்.

1. எந்த வேலை போய்விட்டது என்று முதலில் பார்.

நம் தொழிலில் ஓர் அரசு உத்தரவு வந்தால் ஒரு வேலை மொத்தமாகப் போய்விடும். 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். ரேடியம் கடைகளுக்குச் சோறு போட்ட நம்பர் வெட்டும் வேலை அதோடு தேய்ந்தது. ரூட் பஸ்களுக்குக் கேரளத்தில் 2018-லேயே நிறம் வகுத்துவிட்டார்கள். மிச்சமிருந்தது டூரிஸ்ட் பஸ். 2022 அக்டோபர் 5 இரவு, முளந்துருத்தியிலிருந்து ஊட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற டூரிஸ்ட் பஸ், நம் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, டூரிஸ்ட் பஸ் என்றால் வெள்ளை நிறம்தான் என்ற விதி கறாராக அமலுக்கு வந்தது. வேகத்தால் நடந்த விபத்துக்கு ஸ்டிக்கர் என்ன செய்யும் என்று நம் ஆட்கள் முணுமுணுத்தார்கள். பேச்சில் நியாயம் இருக்கலாம். ஆனால் பஸ் முழுக்கச் சிறகும் சிங்கமும் ஒட்டிய காலம் முடிந்துபோனது. பஸ் வேலையை நம்பிக் கடன் வாங்கி 4 அடி மிஷின் எடுத்தவனுக்குத் தவணை மட்டும் மிச்சம்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். தகுதியில்லாதவர்கள் வண்டியில் 'பிரஸ்', 'டாக்டர்', 'போலீஸ்' என்று ஒட்டினால் அபராதம் என்று 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் இறங்கியது. யார் வந்து கேட்டாலும் வெட்டிக் கொடுக்காதே.

2. இருக்கிற வேலையைத் தாளில் எழுது.

இடுக்கிப் பக்கம் என்றால் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்புகளின் பெயர், ஹோம்ஸ்டே கண்ணாடி, ஏலக்காய், தேயிலை, சாக்லேட் பாக்கெட்டுகளின் லேபிள். மறையூர் சர்க்கரைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததால் வெல்லக்காரர்களும் நல்ல லேபிள் கேட்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் குமுளி வழியாகச் சபரிமலை போகும் வண்டிகளுக்கு ஐயப்பன் ஸ்டிக்கர். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளின் மிஷின் லேபிள், பாதுகாப்பு அறிவிப்பு, ஸ்கூல் வேன், கடைக் கண்ணாடி. எழுதிப் பார்த்தால் உனக்கே தெரியும்: இதில் பெரும்பகுதி சின்ன எழுத்து, சின்ன லேபிள், நிறைய எண்ணிக்கை.

3. அகலத்துக்கு ஆசைப்படாதே.

24 இன்ச் போதும். 2 அடி ரோல் எங்கும் கிடைக்கும். பெரிய எழுத்தைத் துண்டாக வெட்டிச் சேர்த்து ஒட்டலாம். கேமியோ, க்ரிக்கட் மாதிரியான 12 இன்ச் கைவினை மிஷின்கள் பரிசுப்பொருள் செய்பவர்களுக்கு நல்லவை. காலையிலிருந்து இரவு வரை ஓடும் கடைக்கு ஆகாது.

4. நம் எழுத்தை வெட்டத் தெரிந்த மிஷினா என்று பார்.

இதைத்தான் பலர் கேட்பதே இல்லை. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை தாலுகாக்களில் ஒரே கண்ணாடியில் தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் வேண்டும். இங்கிலீஷ் பெரிய எழுத்துகளில் நேர்க்கோடு அதிகம். எந்த மிஷினும் வெட்டிவிடும். தமிழும் மலையாளமும் வளைவுகளால் ஆனவை. ஸ்டெப்பர் மோட்டார் மிஷின், உத்தரவு போன அடிகளை எண்ணி ஓடுமே தவிர, போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்காது. வேகம் கூட்டினால் வளைவு படிக்கட்டாகும், அடி தவறும். சர்வோ மோட்டாரில் என்கோடர் இருக்கும். தலை எங்கே நிற்கிறது என்று அளந்து பிழையைத் திருத்திக்கொள்ளும். சத்தமும் குறைவு. விலை பல மடங்கு ஏறுவதற்கு இது ஒரு காரணம், நியாயமான காரணம்.

பிறகு புள்ளி. அரை இன்ச் எழுத்தில் மெய்யெழுத்துப் புள்ளி எவ்வளவு சிறியது என்று நினைத்துப் பார். கத்தியின் முனை சுழலும் மையத்திலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும். அந்த ஆஃப்செட் அளவு சரியாக இல்லாவிட்டால், தொடங்கிய இடத்தில் வெட்டு வந்து மூடாது. வேஸ்ட் உரிக்கும்போது புள்ளியும் சேர்ந்து போய்விடும். புள்ளி போன பெயர்ப்பலகையை வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவருவார், வரவும் வேண்டும்.

மிஷின் மேல் பழி போடும் முன் உன் ஃபைலையும் பார். பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்களில் கொக்கியும் காலும் எழுத்தின் மேல் ஏறி நிற்கும். பிளாட்டருக்கு எல்லாக் கோடும் வெட்டுக்கோடுதான். கோரல்டிராவில் கர்வ் ஆக்கி, வெல்ட் செய்யாமல் அனுப்பினால் 'கி'யின் நடுவே வெட்டு விழும்.

5. அழுத்தத்தைக் கேள்.

சாதாரண வினைல் 70, 80 மைக்ரான் இருக்கும். அதற்கு 45 டிகிரி பிளேடு போதும். ரிஃப்ளெக்டிவ் தடிமனானது, உள்ளே கண்ணாடி மணிகள் வேறு. பிளேடு சீக்கிரம் மழுங்கும். அதற்கு 60 டிகிரி பிளேடும் தெம்பான அழுத்தமும் வேண்டும். கிராப்டெக் சிஇ7000-60 மிஷினில் 450 கிராம் வரை, ரோலண்ட் ஜிஎஸ்-24-ல் 350 கிராம் வரை வரும். மலிவு மிஷின்களின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதே. ரிஃப்ளெக்டிவ் துண்டு ஒன்றைக் கொண்டுபோய் வெட்டிப் பார்.

6. சென்சாருக்குச் செலவு செய். என் கட்சி இதுதான்.

லேபிள் வேலை என்றால் அச்சடித்து, ஓரம் பார்த்து வெட்டுவது. ஏலக்காய் பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் வர வேண்டும், படம் வர வேண்டும். வெறும் வினைல் எழுத்தால் அது முடியாது. டீலர் "கான்டூர் கட்டிங் இருக்கு" என்பார். "தானாகக் குறி படிக்கும் சென்சாரா, சிவப்பு லேசர் புள்ளியா?" என்று திருப்பிக் கேள். வெறும் லேசர் புள்ளி என்றால் ஒவ்வொரு தாளிலும் குறியை நீயே கண்ணால் நேர் செய்ய வேண்டும். ஆயிரம் லேபிள் ஆர்டர் வந்தால் கண் பூத்துவிடும். ஆப்டிகல் சென்சார் மூலைக் குறிகளைப் படித்து, தாள் சாய்ந்திருந்தாலும் அச்சு அளவில் சற்று நீண்டிருந்தாலும் வெட்டை அதற்கேற்பத் திருத்தும்.

பிரிண்டர் இல்லையே என்று தயங்காதே. கோயம்புத்தூரிலோ திருச்சூரிலோ அச்சடித்து வாங்கலாம். உன் பிளாட்டரின் சாஃப்ட்வேர் போடும் குறியோடு ஃபைலை அனுப்பு, அளவு மாற்றாமல் அடிக்கச் சொல். பளபளப்பு லேமினேஷன் குறியை மறைத்தால் சென்சார் திணறும். மேட் போடச் சொல்.

7. எந்த சாஃப்ட்வேரோடு வருகிறது?

கிராப்டெக்குக்கு கட்டிங் மாஸ்டர், ரோலண்டுக்கு கட்ஸ்டுடியோ. சில மிஷின்களோடு இன்னும் பழைய ஆர்ட்கட் சிடி வருகிறது. உன் புது லேப்டாப்பில் அது ஓடுமா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிடு.

8. மலையும் கணவாயும்.

மூணாறு மழையில் கரன்ட் வந்து வந்து போகும். யுபிஎஸ் இல்லாமல் நீள வேலை தொடங்காதே. ஈரத்தில் ரோலின் பின்தாள் ஊதி அலை அலையாகும், மிஷினில் ஓரமாக ஓடும். மிச்ச ரோலைப் பாலிதீன் உறையில் போட்டு வை. தை மாதக் குளிரில் கண்ணாடியை ஹீட் கன்னால் கொஞ்சம் சூடாக்காமல் ஒட்டினால் பிடிக்காது. பாலக்காட்டில் எல்லாம் தலைகீழ். கணவாய்க் காற்று வறண்டு வீசும் மாதங்களில் வினைலில் ஸ்டாட்டிக் ஏறி வெட்டு நடுவில் யுஎஸ்பி அறுந்துபோகும்; மிஷினுக்கு நல்ல எர்த் வேண்டும். 40 டிகிரி வெயிலில் வினைல் இழுபடும், மதியத்தில் பெரிய துண்டு ஒட்டாதே.

9. யார் வந்து பழுது பார்ப்பார்?

மிஷின் நின்றுபோனால் ஆள் கோயம்புத்தூரிலிருந்தா, கொச்சியிலிருந்தா, மதுரையிலிருந்தா? பிளேடு ஹோல்டர், பிஞ்ச் ரோலர், கட்டிங் ஸ்ட்ரிப், பெல்ட் இருப்பில் உண்டா? வாயால் சொல்வதை விட்டு, கண்ணால் பார்த்துக்கொள். சர்வீஸ் பக்கத்தில் இருக்கும் சுமாரான மிஷின், சர்வீஸ் இல்லாத நல்ல மிஷினைவிட மேல். பழைய ஜப்பான் மிஷின் நல்ல நிலையில் கிடைத்தால், அதே விலைக்கு வரும் புதுச் சீன மிஷினைவிட அதையே எடுப்பேன்.

தமிழ்நாட்டில் வாங்கினால் 32-ல் தொடங்கும் உன் கேரள ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டு பில் வாங்கு. மதிப்பு 50,000 ரூபாய் தாண்டினால் இ-வே பில் இல்லாமல் வாளையாறோ கம்பம்மெட்டோ கடக்காதே. கடன் வேண்டுமென்றால் முத்ரா கிஷோர் பிரிவில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை உண்டு. வங்கிக்குக் கொட்டேஷன் தேவை.

10. முன்பணம் கொடுக்கும் முன் வெட்டிப் பார்.

டீலர் காட்டும் டெமோ ஃபைல் வேண்டாம். உன் வினைல், உன் ஃபைல். 'கொழிஞ்சாம்பாறை' என்று அரை இன்ச் உயரத்தில் வெட்டச் சொல்லி, நீயே வேஸ்ட் உரித்து, புள்ளி நிற்கிறதா பார். 2 மீட்டர் நீளத்துக்கு ஒரு கட்டம் போட்டு, ஒரே கோட்டின் மேல் இரண்டு முறை ஓட்டச் சொல். இரண்டாம் வெட்டு விலகினால் அந்த மிஷின் சீசன் வேலைக்கு உதவாது. பின்தாளைத் திருப்பித் தடவு, வெட்டு தட்டுப்படக் கூடாது. உன் லேபிள் ஷீட் ஒன்றைச் சாய்த்து வைத்து சென்சாரைச் சோதி. ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெட்டிக் காட்ட மறுக்கும் டீலரிடம் வாங்காதே.