தொழிற்பேட்டையும் சமுதாய வானொலியும்: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இந்திய அரசின் சமுதாய வானொலி நெறிமுறைகள், எல்லை வரையறுக்கப்பட்ட உள்ளூர்ச் சமுதாயம் ஒன்றினைக் கேட்போராகக் கொள்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலோ உழவர், மீனவர், இருளர், ஈழத்தமிழர், வடமாநிலத் தொழிலாளர் எனப் பல சமுதாயத்தார் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இத்தகைய தொழிற்பகுதியில் 'உள்ளூர்க் குரல்' என்பது யாருடைய குரல் என்னும் வினாவை மொழி, நேரம், வருவாய் ஆகிய மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: சமுதாய வானொலி, தொழிற்பேட்டை, வட்டார வழக்கு, புலம்பெயர் தொழிலாளர், வாய்மொழி மரபு.

முன்னுரை

அலைவரிசைகள் பொதுச்சொத்து என 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்திய ஒலிபரப்பு வரலாற்றில் ஒரு திருப்பமாக அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 2002ஆம் ஆண்டின் இறுதியில் கல்வி நிறுவனங்களும், 2006 நவம்பரில் வெளியான நெறிமுறைகளின்வழித் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி தொடங்க வழி பிறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிய சென்னை அண்ணா பல்கலைக்கழக வானொலியே இந்தியாவின் முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலி ஆகும். அதன் இருபதாம் ஆண்டில், 2024 பிப்ரவரியில், நாட்டிலுள்ள சமுதாய வானொலி நிலையங்களின் எண்ணிக்கை 481 என அரசு அறிவித்தது. எண்ணிக்கை பெருகியபோதும், சமுதாயம் என்னும் சொல்லின் பொருள் போதிய ஆய்வுக்கு உட்படவில்லை.

நெறிமுறைகள் கருதும் சமுதாயம்

நெறிமுறைகளின்படி ஒரு நிலையத்தின் ஒலிபரப்பு ஆற்றல் பொதுவாக 100 வாட், கோபுர உயரம் 30 மீட்டர் என்னும் அளவுக்குள் அடங்குகின்றது. ஆகவே ஒலி எட்டும் தொலைவு ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் ஆகும். நிகழ்ச்சிகளுள் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும். அவை இயன்றவரை உள்ளூர் மொழியிலும் வழக்கிலும் அமைய வேண்டும்.

இவ்விதிகள் ஓர் ஊர், ஒரு மொழி, நிலைத்த குடிகள் என்னும் கருத்தினை உள்ளுறையாகக் கொண்டவை. வெற்றிபெற்ற நிலையங்கள் சில இதற்குப் பொருந்தி நிற்கின்றன. தெலங்கானாவின் மாச்சனூரில் 2008 அக்டோபர் 15 அன்று தொடங்கிய சங்கம் வானொலி, மானாவாரி வேளாண்மையில் ஈடுபடும் தலித் பெண்களால் நடத்தப்படுவது. 2016 ஆகஸ்ட் 15 அன்று பாம்பனில் தொடங்கிய கடல் ஓசை, மீனவர்க்கென அமைந்தது. காற்று, அலை பற்றிய அறிவிப்புகளோடு, 'சமுத்திரம் பழகு' போன்ற நிகழ்ச்சிகளின்வழிக் கடற்சூழல் அறிவையும் அது பரப்புகின்றது. இவற்றில் கேட்போரை இணைப்பது தொழில். தொழிலோடு பிறந்த சொல்வழக்கு அவ்விணைப்பை உறுதிப்படுத்துகின்றது.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தின் மக்கள்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இத்தகைய ஒற்றை இணைப்பு இல்லை. சிப்காட் தொழில் வளாகத்தின் ஆலைகளில் உள்ளூர் இளைஞரோடு ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலத் தொழிலாளரும் பணிபுரிகின்றனர். ஊரிலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. தேர்வாய்கண்டிகையில் மேய்க்கால் நிலம் தொழிற்பூங்காவுக்கென எடுக்கப்பட்டபோது ஊர்மக்கள் எதிர்த்துப் போராடியமை அண்மை வரலாறு. அதே பகுதியில் கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீருக்காக 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. கிழக்கே பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்து மீன்பிடிக்கும் 'பாடு' முறை வழங்கி வருகின்றது. செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக உழன்று மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் மாவட்டத்தின் பல இடங்களில் வாழ்கின்றன.

கும்மிடிப்பூண்டிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே நேர்த்தொலைவே 20 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. எனவே சிப்காட்டில் நிற்கும் 30 மீட்டர்க் கோபுரம் ஏரிக்கரையின் குரலைத் தாங்கும் என எதிர்பார்க்க இயலாது. இவ்வட்டாரத்தின் குரலை ஒரு நிலையம் முழுமையாகப் பேசும் என்பதைவிட, சிறு நிலையங்கள் தம்முள் நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே பொருத்தமானது. வேளாண் அறிவியல் நிலையங்களும் உரிமம் பெறத் தகுதியுடையவை ஆதலின், திரூரில் உள்ள அத்தகைய நிலையமும் இவ்வேற்பாட்டில் இடம்பெறக்கூடும்.

மொழியும் வழக்கும்

திருவள்ளூர் மாவட்டம் ஆந்திர எல்லையை ஒட்டியது. எல்லைப் போராட்டத்தின் விளைவாகத் திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறியபோதும் இருமொழிப் புழக்கம் மாறவில்லை. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில், வழங்குகின்றன. இவற்றோடு இருளர் பேச்சு, ஈழத்தமிழ் வழக்கு, ஒடியா, இந்தி ஆகியவையும் சேர்கின்றன.

இந்நிலையில் 'உள்ளூர் மொழி' என்பதைப் பொதுத்தமிழ் எனச் சுருக்கினால், வானொலி மற்றுமொரு மாநில ஒலிபரப்பாக மாறிவிடும். அனைத்து மொழிகளையும் கலந்து ஒரே நிகழ்ச்சியில் வழங்கினால் எவர்க்கும் முழுப்பயன் விளையாது. 2009இல் ஹரியானாவின் தொழில் நகரில் தொடங்கிய 'குர்காவ்ன் கி ஆவாஸ்' உள்ளூர் நாட்டார் பாடல்களுக்கும் வந்தேறிய தொழிலாளரின் பாடல்களுக்கும் இடமளித்து இச்சிக்கலை எதிர்கொண்டது. ஒரு மொழியார் மற்றொரு மொழியாரின் பாடலைக் கேட்பதே அங்கு அயலார் என்னும் உணர்வைக் குறைக்கும் முதற்படியாகின்றது. தமிழாய்வு நோக்கில் இதற்கு மற்றொரு பயனும் உண்டு. பாடுமுறைச் சொற்களும் இருளரின் மூலிகைப் பெயர்களும் சொல்வோரின் குரலிலேயே பதிவாகும்போது, அகராதிக்கு எட்டாத வழக்குகள் ஒலிவடிவில் நிலைபெறும்.

செய்தித் தடையும் வாழ்வியல் எடுத்துரைப்பும்

சமுதாய வானொலி தானே திரட்டிய செய்தியை ஒலிபரப்ப இயலாது. அகில இந்திய வானொலியின் செய்திகளையே மறு ஒலிபரப்புச் செய்யலாம். எனவே ஆலையில் நேரும் விபத்தை அந்த ஊரின் வானொலியே செய்தியாகக் கூற முடியாத நிலை உள்ளது. அரசியல் கட்சிகளைச் சார்ந்த தொழிற்சங்கங்கள் உரிமம் பெறவும் இயலாது. பொலிவியாவில் 1940களின் இறுதி முதல் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்கள் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை அளித்துச் சொந்த வானொலிகளை நடத்தியமையோடு ஒப்பிடுகையில், இவ்வேறுபாடு தெளிவாகும். அங்கு வானொலி தொழிலாளர் அமைப்பின் குரல். இங்கு அது தொழிலாளரைப் பற்றிப் பிறர் நடத்தும் குரலாகிவிடும் இடர் உள்ளது.

இவ்விடரை வாய்மொழி மரபு ஓரளவு ஈடுசெய்ய வல்லது. விபத்தைச் செய்தியாகக் கூற இயலாதபோதும், எந்திரப் பாதுகாப்பு, தொழிலாளர் அரசுக் காப்பீடு, இழப்பீட்டு உரிமை ஆகியவற்றை நாடகமாகவும் வில்லுப்பாட்டாகவும் உரையாடலாகவும் வழங்கலாம். மேய்ச்சல் நிலம் இருந்த காலத்தை மூதாட்டி ஒருவர் தம் நினைவிலிருந்து கூறுவது வாழ்க்கை வரலாறு. எனினும் கேட்போர்க்கு அது நிலத்தின் நிகழ்கால நிலையையும் உணர்த்தும்.

நேரமும் வருவாயும்

உழவரின் நாள் கதிரவனைச் சார்ந்தது. ஆலைத் தொழிலாளரின் நாள் ஷிப்ட் நேரத்தைச் சார்ந்தது. இரவுப்பணி முடித்து விடியலில் அறை திரும்புவோரும், மாலையில் பணிக்குப் புறப்படுவோரும் வழக்கமான காலை, மாலை நிகழ்ச்சி நிரலுள் அடங்குவதில்லை. எனவே ஒரே நிகழ்ச்சியை ஷிப்ட் மாறும் வேளைகளுக்கேற்ப மீண்டும் ஒலிபரப்புவது இங்கு அடிப்படைத் தேவையாகும்.

2024ஆம் ஆண்டு மாற்றத்தின்படி விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகவும், அரசு விளம்பரக் கட்டணம் 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாகவும் உயர்ந்தன. ஆயினும் தொழிற்பகுதியில் விளம்பரமும் நன்கொடையும் பெரும்பாலும் ஆலைகளிடமிருந்தே வரக்கூடும். கழிவுநீர் பற்றிப் பேச வேண்டிய வானொலி, கழிவுநீரை வெளியேற்றும் ஆலையின் பொருளுதவியில் இயங்குமாயின் அதன் மௌனம் கட்டாயத்தின் விளைவாகும். உள்ளடக்கக் குழுவில் பாதியளவு பெண்கள் இடம்பெற வேண்டும் என்னும் புதிய விதியோடு, தொழிலாளரும் முகாம்வாழ் தமிழரும் இருளரும் இடம்பெறும் ஏற்பாடு இருந்தாலன்றி, வருவாயின் செல்வாக்கை எதிர்கொள்ளுதல் அரிது.

முடிவுரை

ஓரிடத்தில் வாழ்வதாலேயே மக்கள் ஒரு சமுதாயமாகிவிடுவதில்லை. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கும் வாய்ப்பே அவர்களைச் சமுதாயமாக்குகின்றது. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் சமுதாய வானொலி ஏற்கெனவே உள்ள ஒரு சமுதாயத்தைப் பிரதிபலிப்பதோடு அமையாது, அத்தகைய சமுதாயம் உருவாகும் களமாகவும் விளங்க வேண்டியுள்ளது. அதற்குச் சிறு நிலையங்களின் இணைப்பு, பன்மொழி நேரப் பங்கீடு, ஷிப்ட் நேரத்தையொட்டிய நிரல், பல தரப்பாரும் அமரும் உள்ளடக்கக் குழு ஆகிய நான்கும் இன்றியமையாதன. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் வட்டார வழக்குப் பதிவிலும் வாய்மொழி வடிவங்களின் ஆக்கத்திலும் துணைநிற்குமாயின், அப்பணி மொழியாய்வுக்கும் மக்கள் வாழ்வுக்கும் ஒருசேரப் பயன்படும்.