நிலநடுக்கம் நிலநடுக்கத்தைத் தூண்டுமோ?

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதியை நம் மாவட்டத்தார் எவரும் மறந்திலர். சுமாத்திராவின் வடமேற்குக் கடலடியிற் பிறந்த 9.1 அளவினதாகிய நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள் திருகோணமலை, கிண்ணியா, மூதூர்க் கரைகளை அடைந்து பல்லுயிர் கொண்டது. மூன்று திங்கள் கழிந்து, 2005 பங்குனி 28ஆந் திகதி இரவு, மீண்டும் அபாய அறிவித்தல் எழுந்தது. கரையோர மக்கள் குழந்தைகளைத் தோளிலிட்டு மேட்டுநிலம் நாடி ஓடினர். யாமும் அவர்களோடு சென்றோம். “ஒருமுறை வந்த கடல் இனி வராது” என்று வீட்டை விட்டு அகல மறுத்தார் அயலிலிருந்த முதியவர் ஒருவர். அவரை வற்புறுத்தி அழைத்துச் சென்றோமாயினும், அவர் கூற்றுப் பிழையென்பதற்குக் காரணங்காட்ட எம்மால் அன்று இயலவில்லை. பின்னர் கற்றறிந்த அக்காரணத்தை மாணவர் பொருட்டு ஈண்டு உரைக்கின்றோம்.

புவியின் மேலோடு பல தட்டுகளாய் அமைந்தது. அவற்றுள் இந்தியத் தட்டு, சுமாத்திராவின் அடியில் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் நுழைகின்றது. இரு தட்டுகளும் உராயும் பிளவிலே பாறைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, நெருக்கம் ஆண்டுதோறும் ஏறுகின்றது. இதனைத் தகைப்பு என்பர். பற்றிய இடம் தாங்கமாட்டாது வழுக்கும்போது நிலம் நடுங்குகின்றது.

அவ்வாறு வழுக்கியபின் தகைப்பு முழுதும் தீர்ந்துவிடுமோ எனின், தீராது. நம் துறைமுகத்திற் கப்பலொன்று பல கயிறுகளாற் கட்டப்பட்டு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரு கயிறு அறுந்தால் அதன் பாரம் மறைவதில்லை. அயற்கயிறுகள் அதனை ஏற்கின்றன. கப்பல் சற்றுத் திரும்புதலாற் சில கயிறுகள் தளர்தலும் உண்டு. பாரம் ஏறிய கயிறு முன்னரே நைந்திருப்பின் அதுவும் அறும். நிலப்பிளவுகளின் இயல்பும் இதுவே. ஒரு பகுதி வழுக்கியதும் அதன் தகைப்பிற் சிறிது அயற்பகுதிக்குப் பெயர்கின்றது. வேறு சில இடங்களில் தகைப்புக் குறைகின்றது.

2004இற் பிளவு வடக்கே அந்தமான் தீவுகள் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்திற்கு வழுக்கியது. தெற்கேயுள்ள பகுதி அசையாது நின்றது. அல்ஸ்டர் பல்கலைக்கழகத்து ஜோன் மக்கிளஸ்கியும் அவர்தம் துணைவரும், அத்தெற்குப் பகுதியிலே தகைப்பு ஏறியுள்ளதெனக் கணித்து, 2005 பங்குனி 17இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். நாளைக் குறித்தாரல்லர்; இடத்தையே சுட்டினர். பதினொரு நாளிற் பிளவின் தெற்குப் பகுதி வழுக்கி, நியாஸ் தீவை 8.6 அளவிலே உலுக்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். யாம் மேட்டுநிலம் நாடி ஓடியது அவ்விரவேயாம். அதன் அலை நம் கரையைத் தாக்காமை நற்பேறு.

பெயர்ந்து வந்த தகைப்போ சிறிது. வளிமண்டல அமுக்கத்தின் சில மடங்கே. அச்சிறிது பெருநடுக்கத்தைத் தூண்டியதெங்ஙனம்? அப்பகுதியில் இறுதியாகப் பெருநடுக்கம் நேர்ந்தது 1861இல். ஆகவே 144 ஆண்டுச் சுமை அங்கே முன்னரே நிறைந்திருந்தது. அயலிலிருந்து வந்தது அதனை விரைவுபடுத்தியது.

துருக்கி நாட்டின் வட அனத்தோலியப் பிளவும் இதற்குச் சான்றாகும். 1939இல் எர்சின்கானிலே தொடங்கிய பெருநடுக்கங்கள் பெரும்பாலும் மேற்கு நோக்கி ஒன்றன்பின் ஒன்றாய்ச் சென்று, 1999 ஆவணி 17இல் இஸ்மிற் நகரை அழித்தன. மூன்று திங்கள் நிரம்புமுன், கார்த்திகை 12இல், அதன் கிழக்கு அயலிலுள்ள டூஸ்ஜேயும் நடுங்கிற்று.

இதனால் நாம் கொள்ளும் பாடம் யாது? ஒரு நடுக்கம் கடந்தமை, ஆபத்து நீங்கியமைக்குச் சான்றாகாது. எங்கே தகைப்பு ஏறிற்று என்பதை விஞ்ஞானம் கணிக்கும். எந்நாளில் நிலம் அசையும் என்பதைக் கூறவல்லதன்று. தொலைவிலே நடுங்கும் நிலத்தை நம் கால்கள் உணராமலும் போகலாம். ஆதலின் அறிவித்தலே நமக்குக் கண்ணும் செவியுமாம். அது எழுந்தபோதெல்லாம் தயங்காது மேட்டுநிலம் செல்க. அதிகாரிகள் கூறும்வரை மீளற்க. முதல் அலை வடிந்ததென எண்ணிக் கரைக்கு இறங்கற்க. பின்வரும் அலை அதனினும் பெரிதாதல் கூடும். பலமுறை ஓடி அலை வாராது மீண்டோம் என்று சலித்தலும் வேண்டா. அன்று அம்முதியவர்க்குக் கூற இயலாத விடை இதுவே. மாணவர் இதனைத் தத்தம் இல்லத்து முதியோர்க்கு எடுத்துரைப்பாராக.