கூடையில் விழுந்தது, காதில் விழவில்லை

மதுரைச் சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கிறேன். 'கூடையில் சேர்' பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறார் பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர். எனக்கு நன்றாகவே வேலை செய்கிறது. கோளாறு எங்கே?
– வாசகர் ஒருவர், வில்லாபுரம், மதுரை

உங்கள் தளத்தில்தான். சேலை கூடைக்குள் போய்விட்டது. அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை. மூலையில் 0 என்பதை ஜாவாஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் 1 ஆக்குகிறது. உங்கள் கண் அதைப் பார்த்துவிடும். அவருடைய திரைவாசிப்பான் தானாகப் போய்ப் படிக்காது.

உங்கள் டெவலப்பரிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். ஒன்று, பக்கத்தில் முன்கூட்டியே ஒரு காலிப் பகுதி வைத்து, அதற்கு 'ஏரியா-லைவ்' (aria-live) என்ற பண்பை 'பொலைட்' என்று கொடுக்கட்டும். சேலை சேர்ந்ததும் 'சிவப்புச் சுங்குடி கூடையில் சேர்ந்தது' என்று ஸ்கிரிப்ட் அதில் எழுதினால், திரைவாசிப்பான் படித்துவிடும். 'அசர்ட்டிவ்' என்று கொடுத்தால் பேச்சின் நடுவே புகுந்துவிடும். அதைப் பணம் கட்டும்போது வரும் பிழைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, 'டிவ்'வுக்குப் பட்டன் வேஷம் போட்டிருந்தால் கலைத்துவிட்டு, நிஜ பட்டனையே வைக்கட்டும். வெறும் டிவ்வில் டேப் விசை நிற்காது.

பிறகு மவுஸைக் கழற்றிவிட்டு, என்விடிஏ என்ற திரைவாசிப்பானை நிறுவி நீங்களே ஒரு சேலை வாங்கிப் பாருங்கள். என்விடிஏ இலவசம், தமிழும் பேசும். இதெல்லாம் சலுகை அல்ல; டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. உங்களுக்கோ, வியாபாரமும் கூடும்!