சரக்கைக் காக்கும் டன்னேஜ்: தேர்வும் பொறுப்பும்

ஏற்றுமதி வாணிபத்தில் சரக்கின் தரம், விலை, கப்பற் கட்டணம் ஆகியவை பெரிதும் ஆராயப்படுகின்றன. கப்பலின் எஃகுத் தளத்திற்கும் சரக்கிற்கும் இடையே வைக்கப்படும் மூங்கில், மரக்கட்டை, பாய், தாள் போன்ற எளிய பொருள்கள் அந்த அளவிற்குக் கவனம் பெறுவதில்லை. துறைமுகங்களில் டன்னேஜ் என்று வழங்கப்படும் இவற்றிற்கு ஆகும் செலவு சொற்பமே. ஆயினும் இவற்றைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதால் நேரும் இழப்பு சொற்பமன்று.

டன்னேஜின் பணிகள் மூன்று: சரக்கை ஈரத்திலிருந்து விலக்கி வைத்தல், எடையைத் தளத்தின் மீது பரவச் செய்தல், சரக்கு அசையாமல் நிறுத்துதல். எந்தச் சரக்கிற்கு எந்தப் பணி முதன்மையானது என்று அறிவதே தேர்வின் முதற்படி. எஃகுச் சுருள்களுக்கு எடையைத் தாங்கும் தடித்த மரக்கட்டைகள் தேவை. மூட்டை அரிசிக்கோ ஈரமே முதற்பகை.

ஆந்திர மாநிலத்தின் காக்கிநாடாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவிற்குச் செல்லும் அரிசியை எடுத்துக்கொள்வோம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் கப்பல், வெப்பக் கடலிலிருந்து குளிர்ந்த தென்கடலை அடைகிறது. அப்போது கப்பலின் எஃகுச் சுவர் குளிர்கிறது; அரிசியோ வெப்பமாகவே இருக்கிறது. அரிசியிலிருந்து எழும் ஈரக்காற்று குளிர்ந்த எஃகின் மீது பட்டு நீராகப் படிகிறது. கப்பல் வியர்வை எனப்படும் இந்நீர் சுவர் வழியே இறங்கித் தளத்தை அடைகிறது. எஃகைத் தொட்டுக்கொண்டிருக்கும் மூட்டைகள் நனைந்து பூஞ்சை பிடிக்கின்றன.

இதைத் தவிர்க்க மூங்கில்கள் இரண்டு அடுக்குகளாகப் பரப்பப்படுகின்றன. கீழடுக்கு, நீர் வடிகுழியை நோக்கி ஓடுமாறு அமைதல் வேண்டும். மேலடுக்கு அதன் குறுக்கே அமைந்து மூட்டைகளைத் தாங்கும். அதன்மேல் பாயும் தாளும் விரிக்கப்படும். பக்கச் சுவர்களிலும் மூட்டைகள் எஃகைத் தொடாதவாறு மூங்கிலும் பாயும் வைத்தல் இன்றியமையாதது. பாலித்தீன் விரிப்பு நீரைத் தடுக்கும். ஆனால் வடிய வழியில்லாவிடில் அதுவே நீரைத் தேக்கியும் வைக்கும்.

டன்னேஜே தீங்கு விளைவிப்பதும் உண்டு. பச்சை மரம் தன் ஈரத்தைச் சரக்கிற்குக் கொடுத்துவிடும். எண்ணெய் அல்லது இரசாயனம் படிந்த பழைய பலகைகளின் வாடை, தேயிலை, காப்பி போன்றவற்றைக் கெடுக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகள் மூட்டைகளைக் கிழிக்கும்.

மரத்தோடு பூச்சிகளும் பயணம் செய்யக்கூடும். 1996இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட நீள்கொம்பு வண்டு கண்டறியப்பட்டது. சரக்குடன் வந்த மரத்தின் வழியாகவே அது நுழைந்ததாகக் கருதப்படுகிறது. அதனை ஒழிக்க ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. 2002இல் ஏற்கப்பட்ட 15ஆம் எண் பன்னாட்டுத் தாவர நலத் தரநிலை, டன்னேஜ் மரத்தையும் உள்ளடக்கியது. அதன்படி வழக்கமான வெப்பமூட்டு முறையில் மரத்தின் உட்பகுதியும் 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடங்கள் தொடர்ந்து இருத்தல் வேண்டும். உரிய முத்திரையும் பெறுதல் வேண்டும். மூங்கிலும் ஒட்டுப்பலகையும் இத்தரநிலையில் அடங்கா. எனினும் இறக்குமதி செய்யும் நாட்டின் தனி விதிகளை முன்கூட்டியே அறிதல் நலம்.

இழப்பு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? 1924ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், சரக்கைப் போதிய அளவில் சிப்பமிடாததால் நேரும் சேதத்திற்குக் கப்பல் நிறுவனத்தைப் பொறுப்பாக்குவதில்லை. சரக்குக் காப்பீட்டில் வழக்கமாகப் பயன்படும் விதிகளும் அவ்வாறே விலக்களிக்கின்றன. எனவே ஏற்றுமதியாளர் தாமே சரக்கை அடுக்கி மூடிய கொள்கலனில் டன்னேஜ் குறைபாட்டால் சேதம் நேர்ந்தால், அது அவர் தலையிலேயே விழக்கூடும். கப்பலை வாடகைக்கு அமர்த்தும்போது, டன்னேஜை யார் தருவது, யார் பரப்புவது என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளல் வேண்டும்.

உழவர் விளைவித்து, ஆலை பதப்படுத்திய அரிசியின் மதிப்பு, இறுதியில் சில மூங்கில் கழிகளின் மீது தங்கியுள்ளது. சரக்கின் இயல்பு, கடல்வழி, டன்னேஜின் தூய்மை, சேரும் நாட்டின் விதி ஆகிய நான்கையும் ஏற்றுமுன் ஆராய்தலே சிக்கனம். டன்னேஜில் மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது.