பீரோ நிறையப் புடவை, நாளைக்கு எதைக் கட்டுவது?

கேள்வி: திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 44. தினமும் பஸ்ஸில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். போன பொங்கலிலிருந்து இந்த மார்கழி வரை பீரோவுக்குள் வந்த புடவைகளை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். மொத்தம் 19. ஆடித் தள்ளுபடியில் ஆறு, தீபாவளிக்கு மூன்று, கண்காட்சியில் இரண்டு, போனில் பார்த்து வரவழைத்தது மூன்று, அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டு, மற்றவர்கள் வைத்துக் கொடுத்தது நான்கு. வாங்கியதற்கு மட்டும் 41,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அதில் பட்டு மட்டுமே 16,500.

இந்தப் பத்தொன்பதில் ஐந்தை இன்னும் கட்டவே இல்லை. பதினொன்றை ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை கட்டியிருப்பேன். மூன்றுதான் உண்மையில் உழைத்தன. அந்த மூன்றையும், பழையதில் நான்கையும் மாற்றி மாற்றித்தான் வருஷம் முழுக்க அலுவலகம் போனேன். அந்த மூன்றுக்கும் ஒரே கறுப்பு ரவிக்கைதான் போட்டேன் என்பது எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது. இத்தனை இருந்தும் காலையில் பீரோ முன்னால் நின்றால் கட்ட ஒன்றும் இல்லை என்று தோன்றுகிறது. வரும் வருஷம் ஒரு புடவையும் வாங்காதே என்கிறார் கணவர். அது சரியா? மாமியார் விட்டுச்சென்ற இரண்டு பட்டு மடிப்பில் விட்டுப்போகிறது. அவற்றை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, கைத்தறிக் கடை ஒன்றில் 26 வருஷம் புடவை விரித்துக் காட்டியவள் நான். கடையில் வாங்குகிறவர்களின் முகம்தான் எங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போன பிறகு அந்தப் புடவைக்கு என்ன ஆயிற்று என்பது தெரியாது. உங்கள் நோட்டு எனக்கு அதைக் காட்டியது. அதனால் இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் விடை இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே கறுப்பு ரவிக்கை. அந்த ரவிக்கை உங்கள் உடம்புக்குச் சரியாக இருக்கிறது. கை தூக்கிப் பஸ் கம்பியைப் பிடித்தால் அக்குளில் இழுக்காது, சாயங்காலம் வரை தோள் வலிக்காது. அதனால்தான் அந்த மூன்று புடவைகள் உழைத்தன. கட்டாத ஐந்தையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். ரவிக்கைத் துணி இன்னும் வெட்டாமல் புடவையோடு ஒட்டியே இருப்பது எத்தனை? தைத்தும் இறுக்கமாகப் போனது எத்தனை? ஐந்தில் குறைந்தது நான்கு இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். ரவிக்கை இல்லாத புடவை, பீரோவில் இருந்தாலும் இல்லாததற்குச் சமம். காலை எட்டு மணிக்குக் கண் அதைத் தாண்டிப் போய்விடும். புடவைக்குக் கணக்குப் பார்க்கிற நாம் ரவிக்கைக்குப் பார்ப்பதில்லை.

நாற்பது வயதுக்கு மேல் தோளும் கையும் மாறுவது எல்லோருக்கும் நடப்பதுதான். பழைய அளவு ரவிக்கையைக் கொடுத்துத் தைக்கச் சொல்லாதீர்கள். இப்போதைய உடம்பில் அளவெடுக்கச் சொல்லுங்கள். பக்கத் தையலுக்குள் இரண்டு புறமும் ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். பிறகு பிரித்துத் தைத்துக்கொள்ள அது இடம் தரும். லைனிங் துணியைக் கொடுப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்திக் கொடுங்கள். பருத்தி லைனிங் முதல் துவையலில் சுருங்கும், மேல் துணி அந்த அளவுக்குச் சுருங்காது, ரவிக்கை முறுக்கிக்கொள்ளும். தையற்காரர்மேல் நாம் போடும் பழியில் பாதி இதனால் வருவது.

ஒவ்வொரு புடவைக்கும் அதோடு வந்த துணியில்தான் தைக்க வேண்டும் என்பதும் இல்லை. கறுப்பு, அரக்கு, பாட்டில் பச்சை, சந்தனம் – இந்த நாலு நிறத்தில் நல்ல பருத்தி ரவிக்கை இருந்தால், உங்கள் பீரோவில் அலுவலகத்துக்கு ஆகக்கூடிய புடவை எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்று பொருந்தும்.

இனி நாட்களை எண்ணுவோம். பீரோவை எண்ணினால் மலைப்பு வரும். நாட்களை எண்ணினால் தெளிவு வரும். விடுமுறை, லீவு போக ஆண்டுக்குச் சுமார் 240 நாள் அலுவலகம் போவீர்கள். கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எல்லாம் சேர்த்தாலும் விசேஷ நாள் பதினைந்து இருபதைத் தாண்டாது. ஆனால் போன வருஷத்துப் பணம் எங்கே போயிருக்கிறது? ஆடி, தீபாவளி, கல்யாணம். கொண்டாட்டக் கண்ணோடு பார்த்து வாங்கியவை அவை. 240 நாளைச் சுமந்தவை ஏழே ஏழு புடவை. ஒவ்வொன்றையும் வருஷத்தில் சுமார் 34 தடவை கட்டியிருக்கிறீர்கள். உங்களுக்குத் துணி குறைவு என்று தோன்றுவது பொய்யான தோற்றம் இல்லை. அலுவலக நாட்களுக்கு நிஜமாகவே குறைவாகத்தான் இருக்கிறது.

அதனால் ஒரு வருஷம் வாங்காமலே இருப்பதை நான் ஒப்ப மாட்டேன். அந்த விரதம் பெரும்பாலும் ஆடி வரைதான் தாங்கும். கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். உங்கள் ஊரில் லைனிங் ரவிக்கைக்கு 550 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் எட்டு ரவிக்கைக்கு 4,400. நல்ல கைத்தறிப் பருத்திப் புடவை நாலு, ஒன்றுக்கு 1,500 வீதம் 6,000. பட்டு தேவைப்படாத நடுத்தர விசேஷங்களுக்கு 4,000-க்குள் ஒரு கோரா காட்டன். எல்லாம் சேர்ந்து 15,000-ஐத் தாண்டாது. பட்டு இந்த வருஷம் வேண்டாம்.

அந்த நாலு பருத்தியை எப்போது, எதைப் பார்த்து வாங்குவது என்பது முக்கியம். ஆடியில் வாங்கினால் அக்கினி நட்சத்திரம் முடிந்திருக்கும், நாம் விலைச்சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். தை, மாசியில் வாங்குங்கள். திருச்சி வெயில் 40 டிகிரியைத் தொடும்போது ரவிக்கையோடு தயாராக இருக்கும். கடையில் நூல் நம்பர் கேளுங்கள். 60, 80, 100 என்று சொல்வார்கள். எண் ஏற ஏற நூல் மெலிசு. கூட்டமான பஸ்ஸுக்கு 80 நல்லது. மெலிசாகவும் இருக்கும், கொசுவமும் நிற்கும். 100 கையில் எடுக்கும்போது மயக்கும். ஆனால் உள்பாவாடை தெரியும், பின் குத்திய இடம் கிழியும், கவனமாகக் கையாள வேண்டும். மதுரைச் சுங்குடி உங்கள் வேலைக்கு மிகவும் ஒத்தது. காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி – 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது – கொஞ்சம் கனமானது. ஆனால் கட்டம் போட்ட அந்த உடலில் அழுக்கு தெரியாது, வருஷக்கணக்கில் உழைக்கும். இதையெல்லாம் தேடித் தூரம் போகவும் வேண்டாம். உறையூரும் முசிறிப் பக்கத்து மணமேடும் உங்கள் மாவட்டத்துத் தறி ஊர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கினால், நெய்தவர் கைக்கு அருகிலேயே பணம் போய்ச் சேரும். இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம், அதனால் சொல்கிறேன்.

போனில் பார்த்து வரவழைத்த மூன்றைப் பற்றி. ‘சாஃப்ட் சில்க்’, ‘ஆர்ட் சில்க்’, ‘லினன் காட்டன்’ என்று பெயர் போட்டிருக்கும். ஆர்ட் சில்க் என்றால் செயற்கைப் பட்டு என்றுதான் பொருள், கலைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. சந்தேகம் இருந்தால் உள்கரையிலிருந்து ஓர் இழை உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். பட்டு என்றால் மயிர் கருகும் வாடை வரும், சாம்பல் பொடியும். பருத்தி காகிதம் போல எரியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். அப்படித் திரண்டாலும் அந்தப் புடவைகளை ஒதுக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அவை உதவும். கஞ்சி போட்ட பருத்தி நனைந்தால் கால் அடியில் கனத்துத் தொங்கும், நாள் முழுக்கக் காயாது. செயற்கை இழை மின்விசிறிக்கடியில் அரை மணியில் உலர்ந்துவிடும். மூன்றையும் மழைக்கால அடுக்கில் வையுங்கள். சித்திரையில் தொடாதீர்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், எந்தக் காரணத்துக்காகவும் அவற்றைப் போகித் தீயில் போடாதீர்கள். அந்தப் புகை குழந்தைகள் மூச்சுக்குள் போகும்.

16,500 ரூபாய்ப் பட்டை நினைத்து வருந்துகிறீர்கள் என்று வரிகளில் தெரிகிறது. ஒரு தடவைதானே கட்டினோம் என்று கூட்டிப் பெருக்காதீர்கள். பட்டின் கணக்கு இருபது வருஷக் கணக்கு. இனிமேல் அதைத் திரும்பத் திரும்பக் கட்டுவதற்கு மனசு வேண்டும், அவ்வளவுதான். ‘போன கல்யாணத்திலும் இதுதானே’ என்று போட்டோவைப் பார்த்து யாராவது சொல்வார்களே என்ற தயக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. என் அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. ஆறு பருத்தி, இரண்டு பட்டு, ஒரு பச்சை டிரங்குப் பெட்டி. எங்கள் மூன்று பேர் கல்யாணப் படத்திலும் அதே கத்தரிப்பூ நிறப் பட்டில்தான் நிற்கிறார். இப்போது பேரப்பிள்ளைகள் கூட்டத்துக்குள் அந்த நிறத்தைத் தேடித்தான் பாட்டியைக் கண்டுபிடிக்கிறார்கள். உங்களிடம் உள்ள பட்டுகளில் நாலை மட்டும் இந்த வருஷத்துக்கென்று எடுத்து முன்னால் வையுங்கள். மற்றவை அடுத்த வருஷத்துக்கு.

வைத்துக் கொடுத்த நாலு புடவை தனிக்கதை. கொடுத்தவர் பார்க்க ஒரு முறை கட்டிவிடுங்கள், அது மரியாதை. அதற்குப் பிறகும் மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கும் ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம், தப்பில்லை. கிழிசலும் கறையும் உள்ளதை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதுவும் பருத்தியாக இருந்தால் தொட்டிலுக்கும் மடித்துத் தைக்கும் போர்வைக்கும் ஆகும்.

மாமியார் பட்டுகளுக்கு வருகிறேன். பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்ததால்தான் அந்த இடம் விட்டுப்போகிறது. பழைய அசல் ஜரிகையில் பட்டிழைமேல் வெள்ளி சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியிருக்கும். அந்தக் கனம் மடிப்பில் இழையை அறுக்கும். இனி மடிக்கவே வேண்டாம். நீளமான ஒரு குழாயில் துவைத்த வேட்டித் துணியைச் சுற்றி, அதன்மேல் புடவையை ஜரிகை வெளிப்புறமாக வரும்படி சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். அந்து உருண்டை ஜரிகையைத் தொடவே கூடாது, நிறம் கறுக்கும். வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை இவற்றைத் துணியில் முடிந்து ஓரத்தில் போடுங்கள். விட்டுப்போன இடத்துக்குப் பின்புறம் அதே நிற மெல்லிய துணி கொடுத்து இழை சேர்த்துத் தைக்கும் கைவேலைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். உடல் முழுக்க நைந்திருந்தால் கட்டப் பார்க்காதீர்கள், ஒரே நாளில் கிழியும். முந்தானையையும் கரையையும் பிரித்துப் வீட்டுப் பெண் குழந்தைக்குப் பாவாடையாகத் தைக்கலாம். தெருவில் ‘பழைய பட்டுப் புடவை வாங்குறது’ என்று குரல் வந்தால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது ஜரிகையை உருக்கினால் வரும் வெள்ளி மட்டும். இன்றைக்குள்ள புதிய பட்டுகளுக்கோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றிப் போட்டால் போதும். கஞ்சி போட்ட பருத்தியை மாதக்கணக்கில் உள்ளே வைக்காதீர்கள், பூச்சி அதைத்தான் முதலில் தேடிவரும்.

நோட்டை நிறுத்திவிடாதீர்கள், ஆனால் இவ்வளவு எழுதவும் வேண்டாம். பீரோவில் இரண்டு தட்டு ஒதுக்குங்கள். பொங்கலன்று அலுவலகப் புடவை எல்லாம் மேல்தட்டில் இருக்கட்டும். கட்டித் துவைத்ததைக் கீழ்த்தட்டில் வையுங்கள். சித்திரைப் பிறப்பன்று மேல்தட்டில் எது மிச்சமோ, அதை எடுத்து ரவிக்கை போட்டுப் பாருங்கள். பிரச்சினை ரவிக்கையா, நிறமா, துணியா என்று அப்போதே தெரியும். ரவிக்கை என்றால் தையற்காரரிடம் போகட்டும். நிறமோ துணியோ என்றால் அந்த வகையை மறுபடி வாங்காமல் இருக்க நோட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை, தையற்காரருக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும். தை பிறந்தால் கல்யாணத் துணி குவிந்துவிடும், உங்கள் துணி மாதம் இரண்டானாலும் வராது. இந்தச் சனிக்கிழமையே அந்த ஐந்து புடவையையும், உடம்பில் எடுத்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கறுப்பு ரவிக்கையையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். ஃபால்ஸ் வைக்காதது இருந்தால் அதையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.