பஃபலோ ஆற்றங்கரையின் கான்கிரீட் குதிர்கள்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் நயாகரா அருவியைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். அந்த அருவியிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் பஃபலோ நகரம் வந்துவிடும். அங்கே, ஈரி ஏரியில் போய்க் கலக்கும் சிறிய ஆற்றின் இரு கரைகளிலும், ஒரு காலத்தில் அமெரிக்காவின் கோதுமையில் பெரும்பங்கைச் சேமித்து அனுப்பிய தானியக் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. எலிவேட்டர் என்பது அவற்றுக்கு அங்கே வழங்கும் பெயர். பல கிடங்குகளில் பல பத்தாண்டுகளாக ஒரு மணி தானியம்கூட இல்லை. ஜன்னல் கண்ணாடிகள் உதிர்ந்து, இரும்பெல்லாம் துருவேறிக் கிடக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. உறவினர்களையும் நண்பர்களையும் அங்கே அழைத்துப் போன அனுபவத்திலிருந்து, போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்.

வேலை நடந்த விதத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஒன்றும் தெரியாமல் போனால் கண்ணில் படுவது சாம்பல் நிறச் சுவர்கள் மட்டும்தான். கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் தானியம் போன பாதையே தெரியும்.

1825ல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டது. மேற்கிலிருந்து ஏரிக் கப்பல்களில் வந்த கோதுமையை பஃபலோவில் இறக்கி, சிறிய கால்வாய்ப் படகுகளுக்கு மாற்றி நியூயார்க் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். தொடக்கத்தில் அவ்வளவு தானியமும் கூலியாட்களின் முதுகில்தான் ஏறி இறங்கியது. 1842ல் ஜோசப் டார்ட் என்ற வணிகரும் ராபர்ட் டன்பார் என்ற பொறியாளரும் நீராவியால் இயங்கும் முதல் எலிவேட்டரைக் கட்டினார்கள். வாளிகள் கோத்த ஒரு பெல்ட் கப்பலின் அடிவயிற்றுக்குள் இறங்கி, தானியத்தை அள்ளி அள்ளி மேலே கொண்டுபோகும். உச்சியில் எடை போட்டு, குதிர்களில் கொட்டுவார்கள். திரும்ப எடுக்க எந்திரம் வேண்டாம்; அடியில் இருக்கும் கதவைத் திறந்தால் தானியம் தானாகவே வழிந்து படகிலோ ரயில் பெட்டியிலோ விழும். ஏற்றுவதற்கு மட்டும் சக்தி, இறக்குவதற்குப் புவியீர்ப்பு. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், உள்ளே பார்க்கும் ஒவ்வொரு குழாயும் ஓட்டையும் எதற்கு என்று விளங்கிவிடும்.

முதலில் வந்தவை மரக் கிடங்குகள். தானியத் தூசு காற்றில் கலந்து பொறி பட்டால் வெடிக்கும். மரக் கிடங்குகள் அடிக்கடி எரிந்துபோயின. அதனால் இரும்பு, பிறகு கான்கிரீட். உயரம் குறைந்த அச்சுப் பலகையை ஜாக்கியால் மெல்ல மெல்ல உயர்த்தி, இரவு பகல் நிறுத்தாமல் கான்கிரீட் ஊற்றிக்கொண்டே போவார்கள். குதிரின் சுவரில் இணைப்பே இல்லாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். அச்சு நகர்ந்த தடம் தட்டுப்படும்.

அனுமதியோடு மட்டும் போங்கள்

சைலோ சிட்டி என்று இப்போது அழைக்கப்படும் வளாகத்தில் 1906ல் கட்டிய அமெரிக்கன், 1907ல் கட்டிய பெரோ, 1925ல் கட்டிய மரைன் ஏ ஆகிய எலிவேட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எக்ஸ்ப்ளோர் பஃபலோ என்ற அமைப்பு வழிகாட்டியோடு உள்ளே அழைத்துப் போகிறது. படியேறி உச்சிவரை போகும் சுற்றும் உண்டு. முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பனிக்காலத்தை விட்டுவிட்டுக் கோடையிலோ இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலோ போவது நல்லது.

வேலியைத் தாண்டி உள்ளே நுழைந்து எடுத்த படங்களைப் பலர் பெருமையாகக் காட்டுவார்கள். தயவுசெய்து அதைப் பின்பற்றாதீர்கள். ஆற்றின் மேல்பக்கத்தில் தனியாக நிற்கிறது கான்கிரீட் சென்ட்ரல். 1915லிருந்து 1917 வரை கட்டப்பட்டது. நீளம் ஏறக்குறைய 400 மீட்டர். 1966லிருந்து மூடிக் கிடக்கிறது. இத்தகைய கிடங்குகளின் தளங்களில் தானியம் விழுவதற்கென்றே விட்ட ஓட்டைகள் இருக்கின்றன. மூடியைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள், அல்லது அது துருப்பிடித்து இற்றுப்போயிருக்கும். கால் தவறினால் ஒரு குதிரின் முழு ஆழத்துக்கும் விழ வேண்டியதுதான். கான்கிரீட் சென்ட்ரலை ஆற்றிலிருந்து பாருங்கள். அதன் முழு நீளமும் அங்கிருந்துதான் கண்ணுக்குள் வரும்.

உடையும் கையில் இருக்க வேண்டியவையும்

செருப்பு கூடாது, கனத்த அடியுள்ள ஷூ வேண்டும். முழுக்கால் உடை, முழுக்கைச் சட்டை. புடவையில் வரும் அம்மாக்களுக்கு உச்சிப் படிகள் சரிப்படாது. தரைத்தளச் சுற்றே போதும், அதிலேயே நிறைய இருக்கிறது. புறா எச்சமும் பழைய தூசியும் நுரையீரலுக்கு ஆகாதவை. ஆஸ்துமா இருந்தால் முகக்கவசம் கட்டாயம். கைபேசி வெளிச்சத்தை நம்பாமல் ஒரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது ஓர் ஆளை ஓரமாக நிறுத்துங்கள். அப்போதுதான் குதிரின் அளவு படத்தில் தெரியும்.

மரைன் ஏ எலிவேட்டரின் அடித்தளத்துக்குள் போனதும் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். பிறகு மெல்ல ஒரு சொல் சொல்லுங்கள். அது சுவரில் ஏறி, சுற்றி, வெகு நேரம் கழித்துத்தான் அடங்கும். இசைக் கலைஞர்களும் கவிஞர்களும் இங்கே நிகழ்ச்சி நடத்த ஆசைப்படுவது அதனால்தான்.

தண்ணீரிலிருந்தும் பாருங்கள்

கப்பல் வந்து நிற்பதற்காகக் கட்டிய கட்டடத்துக்கு முகம் ஆற்றுப்பக்கம்தான். சுற்றுலாப் படகு இருக்கிறது; துடுப்புப் போடத் தெரிந்தவர்களுக்குக் கயாக் வாடகைக்குக் கிடைக்கும். 1968ல் எண்ணெயும் ரசாயனமும் மிதந்து தீப்பிடித்த ஆறு இது. பல ஆண்டுகள் முயன்று அடிச்சேற்றைத் தூர்வாரிச் சுத்தப்படுத்தியிருக்கிறார்கள். இப்போது கரையில் நாரைகளைப் பார்க்கலாம். காற்றில் ஓட்ஸ் வறுபடும் மணம் வரும். ஜெனரல் மில்ஸ் ஆலை இன்றும் அங்கே சீரியோஸ் தயாரிக்கிறது. அந்த மணத்தோடு பார்க்கும்போது பக்கத்துக் கிடங்குகளின் வெறுமை இன்னும் உறைக்கும். 1959ல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்ததும் கப்பல்கள் பஃபலோவில் நிற்காமலே கடலுக்குப் போக முடிந்தது. அதோடு இந்தக் கரையின் தொழில் சரிந்தது.

ஆட்களைப் பற்றிக் கேளுங்கள்

லெ கார்பூசியே, வால்டர் க்ரோபியஸ் போன்ற ஐரோப்பியக் கட்டடக்கலைஞர்கள் அமெரிக்கக் கிடங்குகளின் படங்களைப் பார்த்து வியந்ததை வழிகாட்டி அவராகவே சொல்வார். ரெய்னர் பான்ஹாம் இந்தக் கட்டடங்களைப் பற்றி 1986ல் ஒரு நூலே எழுதினார். நீங்கள் கேட்க வேண்டியது ஸ்கூப்பர்களைப் பற்றி. வாளி எட்டாத மூலைகளில் கிடக்கும் தானியத்தைக் கப்பலின் அடியில் நின்று மண்வாரியால் தள்ளிக் கொடுத்தவர்கள் அவர்கள், பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள். கங்காணிகளாக இருந்தவர்கள் சாராயக்கடை முதலாளிகள். கூலியைக் கடையில் வைத்துத்தான் கொடுப்பார்கள். குடிக்காதவனுக்கு வேலை கிடைக்காது. 1899ல் ஸ்கூப்பர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கத்தோலிக்க ஆயர் ஜேம்ஸ் குவிக்லி அவர்கள் பக்கம் நின்றார். அவர்கள் வென்றார்கள். 2003 வரை அந்தத் தொழில் அங்கே இருந்தது. தோட்டத்துக் கங்காணி முறையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தள்ளிப்போடாதீர்கள்

1897ல் கட்டிய கிரேட் நார்தர்ன் எலிவேட்டர், இரும்புக் குதிர்களைச் செங்கல் சுவருக்குள் வைத்துக் கட்டியது. நயாகராவின் மின்சாரத்தால் இயங்கியது. 2021 டிசம்பரில் அடித்த புயலில் அதன் வடக்குச் சுவரில் பெரிய ஓட்டை விழுந்தது. நகராட்சி இடிக்க உத்தரவிட்டது. பாதுகாக்கச் சொல்லி வழக்குப் போட்டவர்கள் பல மாதங்கள் போராடியும் 2022ல் இடிப்பு தொடங்கிவிட்டது. அந்த வகைச் செங்கல் கிடங்கு இனி அங்கே இல்லை. நூற்றிருபது ஆண்டுக்கும் மேல் நின்றது, ஓட்டையைச் சரிசெய்யாமல் போனதால் போயிற்று என்பதே என் கருத்து.

இவை எல்லாவற்றையும் அருங்காட்சியகமாக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். சைலோ சிட்டியில் ஒரு பகுதி குடியிருப்பாக மாறியிருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆள் புழங்கும் கட்டடத்துக்குத்தான் கூரை ஒழுகினால் பார்க்க ஆள் இருக்கும். பார்வையாளர்கள் தரும் கட்டணமும் அக்கறையும் அதே வேலையைச் செய்கின்றன. ஆகவே அடுத்த முறை நயாகராவுக்குத் திட்டம் போடும்போது பஃபலோ ஆற்றுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், ரொட்டி மேசைக்கு வருவதற்கு முன்னால் எத்தனை கைகள் உழைத்தன என்று அங்கே காட்டலாம்.