ஆப் வெளியிடும் முன் செலவில்லாத சோதனைகள்

கடைக்கோ டியூஷன் சென்டருக்கோ சின்னதாக ஆப் செய்திருக்கிறீர்களா? டெஸ்டிங்குக்குத் தனியாக ஆள் வைக்க வசதியில்லை என்றால் இவற்றையாவது செய்துவிடுங்கள்.

1. ஆப்பைப் பார்த்தே இராத ஒருவரிடம் போனைக் கொடுத்து, "ஒரு கிலோ நாட்டுச்சர்க்கரை ஆர்டர் போடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு வாய் திறக்கக் கூடாது. "கீழே இருக்கு பாருங்க" என்று நாக்கு நுனி வரை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்து வையுங்கள். ஐந்து பேரிடம் பார்த்தாலே பயன்பாட்டுக் குறைகளில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று 2000-இல் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் எழுதினார். எல்லா ஆப்புக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. முதலில் மூன்று பேர், திருத்திய பிறகு வேறு இரண்டு பேர் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

2. 1 முதல் 10 வரை ஆர்டர் செய்யலாம் என்றால் 0, 1, 10, 11 ஆகியவற்றைப் போட்டுப் பாருங்கள். பிழைகள் பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கும். மொபைல் எண்ணை 9 இலக்கமாக, 11 இலக்கமாக, முன்னால் +91 சேர்த்துக் கொடுங்கள். தேதிக்கு 2028 பிப்ரவரி 29.

3. பெயர்ப் பெட்டியில் 'மீனாட்சிசுந்தரேஸ்வரன்' என்று அடியுங்கள். நமக்கு 12 எழுத்து. யூனிகோடில் 21 குறியீடுகள். வரம்பு 20 என்று வைத்திருந்தால் கடைசிப் புள்ளி பறிபோய் 'ரன' என்று நிற்கும். குடும்பப் பெயரைக் கட்டாயமாக்காதீர்கள். நம்மில் பலருக்கு இனிஷியல் மட்டும்தான். தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒன்றுக்கு 70 குறியீடுகள்தான். தாண்டினால் இரண்டாகக் கணக்காகும்.

4. பணம் செலுத்தும் பட்டனை வேகமாக இருமுறை தட்டுங்கள். ஆர்டர் இரண்டாகிறதா? 1 ரூபாய்க்கு ஒரு பொருளை வைத்து, பணம் போகும் நேரத்தில் டேட்டாவை அணைத்துப் பாருங்கள். நேரமில்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள். பணம் போய் ஆர்டர் பதிவாகாத வாடிக்கையாளர் திரும்பி வர மாட்டார்.

5. வீட்டிலுள்ள பழைய போனில், எழுத்தளவை முழுக்கப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டன் திரைக்கு வெளியே போயிருக்கும்.

6. இணையதளமா? குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் வேகத்தை 3ஜிக்குக் குறைக்கலாம்.

7. பிழை கிடைத்தால் என்ன செய்தீர்கள், என்ன வந்தது, எது வந்திருக்க வேண்டும் என்று மூன்று வரி எழுதி, ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்பும் அந்தப் பழைய பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திருத்திய பிழைகள் திரும்ப முளைப்பது வெகு சாதாரணம்.